புழு வைத்த புண்ணை ஆற்றுவது எப்படி: வடசென்னையில் நாய், பூனை, மாடு பார்ப்பவர்களுக்கு

மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் காதுக்குப் பின்னால் ஓட்டை விழுந்த நாய்கள் தென்பட ஆரம்பித்துவிடும். கொடுங்கையூர்ப் பக்கம் கொம்பு முறிந்த மாடு, எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி உரசிய கன்று, காசிமேட்டில் தூண்டில் முள் குத்திய பூனை. காயம் எதுவானாலும் பின்னால் ஈ வந்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு மனசு கேட்காது. கையில் கிடைத்ததை ஊற்றிவிடுவார்கள்: ஃபினாயில், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு குழைத்த மஞ்சள். இந்தக் கட்டுரையின் பாதி, எதை ஊற்றக்கூடாது என்பதைப் பற்றியது. புண்ணை ஆற்றுவது உடம்பு. அதன் வேலையைக் கெடுக்காமல் சுத்தமாக வைத்திருப்பதுதான் நம் பங்கு.

தொடுவதற்கு முன்

முதலில் ஐந்தடி தள்ளி நின்று இரண்டு நிமிடம் பாருங்கள். எச்சில் வழிகிறதா, தாடை தொங்குகிறதா, குரல் மாறியிருக்கிறதா, பின்கால் தள்ளாடுகிறதா, கண்டதையெல்லாம் கடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வெறிநோய் என்றே எடுத்துக்கொண்டு விலகுங்கள். சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். மாட்டுக்கும் வெறிநோய் வரும். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் கத்திக்கொண்டு எச்சில் வடிக்கும் மாட்டின் வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது.

தெரு விலங்குகளைத் தொடர்ந்து கையாளுகிறவர் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்: 0, 7 நாட்களில் ஒவ்வொன்று, மூன்றாவது 21 அல்லது 28ஆம் நாளில். கடியோ நகக்கீறலோ பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு அன்றைக்கே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் வந்த கடியென்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும்.

அடுத்து ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவப்பாக வேண்டும். அதற்கு மேல் ஆனாலோ, ஈறு வெள்ளைக் காகிதம் போல இருந்தாலோ, உடம்பு சில்லிட்டிருந்தாலோ அது ரத்த ஓட்டம் குறைந்த அதிர்ச்சி நிலை. அப்போது புண்ணைக் கிளறாதீர்கள். ஈரத் துணியால் மூடி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். மாடென்றால் 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நாயின் வாயைக் கட்ட காஸ் துணியோ பழைய துப்பட்டாவோ போதும். மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே குறுக்காக ஒரு சுற்று, பிறகு காதுக்குப் பின்னால் உருவு முடிச்சு. மூச்சுத் திணறுகிற நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் வாயைக் கட்டாதீர்கள். பூனையை மொத்தத் துண்டில் சுருட்டி, காயமான பக்கத்தை மட்டும் வெளியே விடுங்கள். மாட்டைக் கம்பத்தோடு தலை தாழக் கட்டி, மூக்கணாங்கயிறை அதைப் பழகியவரே பிடிக்கட்டும்.

புழுவை எடுப்பது

இங்கே புண்ணில் பெரும்பாலும் கிடைப்பது கிரைசோமையா பெசியானா என்ற ஈயின் புழு. சாக்கடைப் புழுவைப் போலச் செத்த சதையைத் தின்று நிற்காது, உயிருள்ள சதையைத் துளைத்துக்கொண்டே உள்ளே போகும். உண்ணி கடித்த புள்ளி அளவு காயம்கூட அதற்குப் போதும். காயத்தின் விளிம்பில் வெள்ளையாக, ரவையை ஒட்டவைத்தது போல நூற்றுக்கணக்கில் முட்டையிடும். 12 முதல் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். புழு ஒரு வாரம் போலத் தின்றுவிட்டு மண்ணில் விழுந்து கூடு கட்டும். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரிகிற ஓட்டைக்கு உள்ளே கைப்பிடி அளவு பொந்து இருப்பது இதனால்தான்.

முதல் வேலை முடியை வெட்டுவது. புண்ணைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். அதற்கு முன் புண்ணுக்குள் சலைனில் (உப்புநீர்க் கரைசல்) நனைத்த காஸை வைத்துவிட்டால் வெட்டிய முடி உள்ளே விழாது. முட்டைக் கொத்து முடியோடு சேர்ந்து வந்துவிடும். இதைச் செய்யாமல் புழுவை மட்டும் எடுத்தால் மறுநாள் அதே எண்ணிக்கையில் புழு இருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

புழுவுக்கு மூச்சுத்துளை வால் முனையில் இருக்கிறது. தலையைச் சதைக்குள் புதைத்து, வாலை வெளிப்பக்கம் வைத்து மூச்சு விடும். அந்தத் துளையை அடைத்தால் மேலே வந்துதான் ஆக வேண்டும். சுத்தமான தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ பொந்து நிறைய விட்டு 10 நிமிடம் பொறுங்கள். மேலே வருகிற புழுவை நுனி மழுங்கிய இடுக்கியால் உடல் நடுவில் பிடித்து நேராக இழுங்கள். நசுங்கி உள்ளே அறுந்துபோனால் அந்த இடம் வீங்கிச் சீழ் கட்டும். எடுத்த புழுவைத் தரையில் போடாதீர்கள். சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போட்டு, மேலே கொதிநீர் ஊற்றுங்கள். மண்ணில் விழுந்தால் அடுத்த வாரம் அதுவே ஈயாகப் பறக்கும்.

டர்பன்டைன் எண்ணெய் பற்றிக் கேட்பார்கள். பஞ்சில் சில சொட்டு நனைத்துப் பொந்தின் வாயில் 5 நிமிடம் வைத்தால் புழு ஓடிவரும். நம் ஊர் கால்நடை மருத்துவமனைகளில் வெகுகாலமாக நடப்பதும் இதுதான். ஆனால் அது சதையை எரிக்கும். பாட்டிலோடு ஊற்றுவது, நக்க விடுவது, கண், காது, வாய், பிறப்புறுப்பு அருகே வைப்பது எல்லாம் கூடாது. பூனைக்கு அறவே கூடாது. பஞ்சை எடுத்ததும் சலைனில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். எண்ணெயே வேலையை முடித்துவிடும்போது டர்பன்டைன் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசியில் நடக்கும் தவறு அளவில்தான். 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. தோலடியில் போடும் அளவு ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம். அப்படியென்றால் 1 மில்லி என்பது 50 கிலோ உடம்புக்கான அளவு. 15 கிலோ நாய்க்கு 0.3 மில்லி, 5 கிலோ குட்டிக்கு 0.1 மில்லி. "ஒரு ஊசி போடு" என்று 1 மில்லியைக் குட்டிக்கு ஏற்றினால் பத்து மடங்கு. கண்ணின் பாவை விரிந்து, தள்ளாடி, எச்சில் வடித்து நினைவிழக்கும். கோலி போன்ற சில இன நாய்களுக்கும் அவற்றின் கலப்புக்கும் சிறிய அளவே மூளைக்குள் போய்விடும். கறவை மாட்டுக்குப் போட்டால் மருந்து பாலில் வரும். எடை போட்டு, இனம் பார்த்து, மருத்துவர் கையால் மட்டும் போட வேண்டிய ஊசி இது.

ஒரே நாளில் எல்லாப் புழுவும் வராது. மூன்று நாள் தொடர்ந்து பார்த்து, இரண்டு நாள் அடுத்தடுத்து ஒன்றுகூட இல்லை என்றால்தான் முடிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தெருநாயின் பிறப்புறுப்பிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தம் சொட்டி அங்கே புழு வைத்திருந்தால், உள்ளே காலிஃபிளவர் போன்ற கட்டி இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது இனச்சேர்க்கையில் நாய்க்கு நாய் தொற்றும் புற்றுக்கட்டி. புழு எடுத்தால் மட்டும் ஆறாது. வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் கரைந்துவிடும்.

கழுவுவது

சலைன் பாட்டில் மருந்துக்கடையில் கிடைக்கும். இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு. மண்ணும் சாணியும் ஒட்டிய பெரிய காயத்துக்கு முதல் கழுவல் குழாய்த் தண்ணீராகவே இருக்கலாம். அளவு குறையக்கூடாது என்பதுதான் முக்கியம். உள்ளங்கை அகலப் புண்ணுக்கு அரை லிட்டராவது போக வேண்டும். 20 மில்லி சிரிஞ்சில் 18 எண் ஊசியை மாட்டி, ஒரு சாண் தூரத்திலிருந்து சாய்வாகப் பீய்ச்சினால் அழுக்கு வரும் அளவுக்கு வேகம் கிடைக்கும். வண்டி கழுவும் பைப்பால் அடித்தால் கிருமி சதைக்குள் ஆழமாக இறங்கும்.

கிருமிநாசினியில் கெட்டியானது நல்லது என்ற எண்ணம்தான் அதிகம் புண்ணைக் கெடுக்கிறது. பீட்டாடின் 10 சதவீதமாக இருந்தால் ஒரு லிட்டர் சலைனுக்கு 10 மில்லி, 5 சதவீதமாக இருந்தால் 20 மில்லி. பால் சேர்க்காத வெளிர் டீ நிறம் வரும். நீர்க்க வைக்கும்போது கட்டுண்ட அயோடின் விடுபட்டுக் கிருமியை வேகமாகக் கொல்கிறது. கெட்டியாக ஊற்றினால் புதுச் சதையை உண்டாக்கும் செல்களும் சேர்ந்து சாகும். குளோர்ஹெக்சிடின் 2 சதவீதமென்றால் ஒரு லிட்டருக்கு 25 மில்லி, கண்ணிலும் காதுக்குள்ளும் படக்கூடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் நன்றாகச் சுத்தமாகிறது என்று தோன்றும். புதுச் சதையையும் அது அரிக்கும். ஆழமான மூடிய பொந்தில் ஊற்றினால் வாயுக் குமிழி ரத்தத்தில் ஏறவும் கூடும். ஃபினாயில், டெட்டால் இரண்டிலும் இருக்கும் ஃபீனால் வகைப் பொருளை உடைத்து வெளியேற்றப் பூனையின் கல்லீரலால் முடியாது, நக்கினாலே விஷம். சுண்ணாம்பு காரத்தால் வேகவைக்கும். காப்பித்தூளும் மருந்துப் பவுடரும் ஊன்நீரோடு சேர்ந்து கட்டியாகி, மேலே காய்ந்தும் அடியில் சீழ் பிடித்தும் கிடக்கும்.

மூடுவது

காயத்தைக் காற்றாடக் காயவிட்டால் சீக்கிரம் ஆறும் என்று நம் வீடுகளில் சொல்வோம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, பாதியைக் காயவிட்டு, பாதியைப் படலத்தால் மூடி ஈரமாக வைத்துப் பார்த்தார். ஈரமாக இருந்தவற்றில் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. காய்ந்த பொருக்கு இருந்தால் புதுத் தோல் அதற்கு அடியில் பள்ளம் தோண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மனிதருக்கான நவீன காயக்கட்டுகளுக்கெல்லாம் அடிப்படை அந்த விலங்கு ஆய்வுதான்.

சீழும் அழுகிய சதையும் உள்ள முதல் நாட்களில் சர்க்கரை நல்ல மருந்து. கழுவித் துடைத்த புண்ணில் வெள்ளைச் சர்க்கரையை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நிரப்பி, மேலே காஸ், பஞ்சு, பேண்டேஜ். சர்க்கரை நீரை இழுத்துக்கொள்வதால் கிருமி பெருக ஈரம் கிடைக்காது, செத்த சதை தானாகக் கழன்று வரும். ஒரு நாளைக்கு ஒரு முறை, கட்டு நனைந்தால் இரண்டு முறை மாற்ற வேண்டும். கட்டு அவிழ்ந்தால் எறும்பு மொய்க்கும், ஆகவே கூண்டிலோ வீட்டிலோ வைத்திருக்கும் விலங்குக்கு மட்டும் இது சரி. செக்கச்செவேல் என்று மணிமணியாகச் சதை வந்த அன்று சர்க்கரையை நிறுத்திவிடுங்கள். பிறகு ஒட்டாத பாரஃபின் காஸ் போதும். காய்ந்த காஸைப் பிய்த்தெடுத்தால் ஒரு வாரம் வளர்ந்த சதை அதோடு வந்துவிடும். சலைனில் ஊறவைத்து எடுங்கள்.

கட்டு நிற்காத தெருநாய்க்கு, கழுவியபின் ஹிமாக்ஸ் போன்ற களிம்பைப் பூசி, புண்ணின் விளிம்பைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவுங்கள், ஈ அண்டாது. நக்குகிற நாய்க்குக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்புக்குத் துணி சுற்றினாலும் அதே வேலை நடக்கும்.

காயம் பட்டு 6 மணி நேரம் தாண்டியிருந்தால் உடனே தைக்கச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். உள்ளே கிருமியை வைத்து மூடினால் சீழ்ப்பைதான் மிஞ்சும். நாய்க்கடி இன்னும் மோசம்: மேலே இரண்டு பல் ஓட்டை, அடியில் தோல் சதையிலிருந்து பிய்ந்து கிடக்கும். கடிபட்ட நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி வரிசை தேவை.

நாளுக்கு நாள் என்ன தெரிய வேண்டும்

முதல் மூன்று, நான்கு நாள் வீக்கம், சூடு, ஊன்நீர் இருப்பது இயல்பு. ஐந்தாம் நாள் வாக்கில் அடியில் சிவப்புச் சதை தெரிய வேண்டும். அதன்பின் விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கி நகரும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான். ஆகவே கண்ணை நம்பாமல், ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து மூன்று நாளுக்கு ஒரு முறை படம் எடுங்கள். பூனை மெதுவாக ஆறும். தைத்த 7ஆம் நாளில் பூனையின் தையல் நாயினதில் பாதி வலுதான் பெறுகிறது என்று ஒப்பிட்ட ஆய்வு உண்டு. தையலை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது.

பத்து நாளாகியும் சதை வெளுத்தோ கறுத்தோ கிடந்தால், நாற்றம் திரும்பினால், காரணம் உள்ளே இருக்கிறது: எலும்புத் துண்டு, கம்பி, கழுத்தில் இறுகிய நைலான் கயிறு. அதை விட்டுவிட்டு ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போடுவதுதான் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கிறது. சீழ்ச் சோதனைக்குக் கொடுப்பதென்றால் மேலே நிற்கும் சீழை எடுக்காதீர்கள். சலைனால் மட்டும் கழுவித் துடைத்துவிட்டு, அடிச்சதையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் குச்சியை அழுத்திச் சுழற்றி எடுங்கள். கிருமிநாசினிக்கும் மாத்திரைக்கும் முன்னால் எடுக்க வேண்டும். வேப்பேரிக் கல்லூரியும் மாதவரம் பால்பண்ணையில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. முடிவு வர இரண்டு, மூன்று நாளாகும்.

வலிக்கு வீட்டு மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொல்லும். இபுபுரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கும். டைக்ளோஃபெனாக் 2006இலிருந்தே கால்நடைக்குத் தடை, அதைப் போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று கழுகுகள் அழிந்ததால்.

மாட்டுக்கு வேறு கணக்கு

பல மாடுகளுக்குக் குளம்பிடுக்கில் ஒரே நேரத்தில் புண், வாயில் கொப்புளம், நூலாக எச்சில் என்றால் அது கோமாரி. வாயை ஒரு லிட்டருக்கு 20 கிராம் சமையல் சோடா கலந்த நீரால் கழுவுங்கள். காலுக்கு ஒரு லிட்டரில் ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், படிகம் முழுதாகக் கரைந்திருக்க வேண்டும், கரையாத துகள் சுடும். தரைக்கு ஒரு லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா. அந்த மாட்டைப் பார்த்த கையோடும் செருப்போடும் அடுத்த தொழுவத்துக்குப் போகாதீர்கள்.

மாட்டின் காயத்துக்கு நம் மரபு மருத்துவத்திலிருந்து தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பும் ஒரு எண்ணெய் இருக்கிறது: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்துக் கழுவிய புண்ணில் பூச வேண்டும். புழு இருந்தால் முதல் நாள் மட்டும் சீதாப்பழ இலை விழுதோ கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயோ. கற்பூர எண்ணெய் மாட்டுக்கு மட்டும்தான். நாயும் பூனையும் நக்கினால் வலிப்பு வரும்.

தோல் கழலை நோயில் வரும் முடிச்சுகளைக் கீறாதீர்கள். அது வைரஸ் நோய், உள்ளே வடிக்கச் சீழ் கிடையாது. தானாக உதிர்ந்த பள்ளத்தைத்தான் புண்ணாகப் பார்க்க வேண்டும். கொசுவும் ஈயும் பரப்பும் நோய் என்பதால் வேப்பிலைப் புகை, கொசுவலை, தனித் தொழுவம் மூன்றும் தேவை. ஆட்டுக்கு ஆழமான குத்துக்காயம் என்றால் டெட்டனஸ் நினைவில் இருக்கட்டும். ஆடு அதற்கு எளிதில் ஆட்படும், நாய் அவ்வளவு எளிதில் படாது. ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை லேபிளில் சொன்ன நாள் கழியும்வரை கறந்து கொட்டிவிட வேண்டும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடியும் மாட்டை யாரும் அறுக்கக்கூடாது, அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம்.

தூண்டில் முள்ளும் வெள்ளத் தண்ணீரும்

காசிமேட்டில் உதட்டிலோ பாதத்திலோ முள் குத்திய விலங்கு வந்தால் வந்த வழியே இழுக்காதீர்கள், முனையில் பின்னோக்கி நிற்கும் கொக்கி சதையைக் கிழிக்கும். முனையை முன்னோக்கித் தள்ளி வெளியே கொண்டுவந்து, கொக்கியைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு மீதியைப் பின்னால் உருவுங்கள். வாயிலிருந்து தூண்டில் நரம்பு மட்டும் தொங்கினால் முள் தொண்டையிலோ வயிற்றிலோ இருக்கிறது. நரம்பை இழுக்கவும் வேண்டாம், ஒட்ட வெட்டவும் வேண்டாம். கழுத்துப்பட்டையில் கட்டிவிட்டு எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோங்கள்.

தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாட்களில் எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கும். விலங்கின் புண் வழியாகவும் நம் கால் வெடிப்பு வழியாகவும் ஏறும். கம் பூட்ஸ் போடாமல் இறங்காதீர்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தெருநாயைத் திரும்ப விடுவதற்கு முன் புண் முழுதும் தோல் மூடியிருக்க வேண்டும், வெறிநோய் ஊசி போட்டிருக்க வேண்டும். கருத்தடையும் அப்போதே முடிந்துவிட்டால் நல்லது. பிடித்த அதே தெருவில்தான் விட வேண்டும், விலங்குகளின் கருத்தடை பற்றிய 2023ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் அதையே சொல்கின்றன. புதுத் தோலில் முடி இருக்காது, வலு பழைய தோலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வராது, அதுவும் பல மாதம் கழித்து. ஆகவே விட்ட ஒரு வாரம் கழித்து, சோறு வைக்கும் நேரத்தில், அந்த வழுக்கை இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.